ரிஜெக்ட் ஆனது ஜாபா, கேஜா?

(இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்)



போன வருஷ மலர் கையில் இருந்தால் எங்கள் வகுப்பு குரூப் போட்டோ இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் திருப்புங்கள். நான் அந்த மலரை வீட்டுக்குக் கொண்டு போன அன்று, அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். எங்க குடும்பத்தில் அச்சடித்த புத்தகத்தில் படம் வந்த முதல் ஆள் நான். பத்தாவது தாண்டிய முதல் ஆளும் நான்தான். விரலை வைத்து வரிசை வரிசையாகத் தேடிவிட்டு, கடைசியில் நிமிர்ந்து, "இதுல நீ எங்கடா இருக்கே?" என்று கேட்டார்.

அவர் மேல் தப்பில்லை. படம் எடுத்த அண்ணன் கம்ப்யூட்டரில் எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரே மாதிரி வெளுக்க வைத்திருந்தார். மூன்றாவது வரிசையில் நிற்கும் எனக்குக் கழுத்து ஒரு கலர், முகம் ஒரு கலர். பெற்ற அப்பாவுக்கே பிள்ளை அடையாளம் தெரியாத அளவுக்கு எங்களை 'அழகாக்கி' விட்டார்!

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? அந்தப் படத்தைப் பார்த்து அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டேன். செல்போனில் பிடித்து ஸ்டேட்டஸ் கூட வைத்தேன். ஏன் சந்தோஷப்பட்டேன், இப்போது ஏன் அந்தப் பக்கத்தைத் திருப்பவே கூச்சமாக இருக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள்.

வெள்ளை டப்பா

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் வருஷத்தில் ஒரு க்ரீம் வாங்கினேன். கம்பெனி பெயர் கிடையாது. என்ன கலந்திருக்கிறது என்ற விவரம் கிடையாது. வெறும் வெள்ளை டப்பா, 120 ரூபாய். "பத்தே நாள்ல கலர் வந்துடும் மச்சி" என்று ஒரு நண்பன் சொன்னான். பையன் முகத்துக்கு க்ரீம் பூசுகிறான் என்று தெரிந்தால் வீட்டில் கேலி செய்வார்கள் என்று, விளக்கை அணைத்த பிறகு பூசிக்கொண்டு படுப்பேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும். கலர் வந்தது! அத்தை, "என்னடா, மூஞ்சி தெளிஞ்சிருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் ஃபவுண்டரி ஷாப்பில் உலைக்குப் பக்கத்தில் நின்றபோது கன்னத்தில் மிளகாய்த்தூள் அப்பினாற்போல எரிந்தது. வெயிலில் போனாலும் அதே எரிச்சல். பயந்துபோய் க்ரீமை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் முகம் சிவந்து, பொரிப் பொரியாகக் கிளம்பியது. ஒரு வாரம் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு கல்லூரிக்கு வந்தவன் யார் என்று இப்போது சிலருக்கு ஞாபகம் வரும்.

அரசு மருத்துவமனையில் தோல் டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டீராய்டு கலந்த க்ரீமாக இருக்கும் என்றார். "இதைப் பூசறதுக்கு முன்னாடி உன் தோல்ல ஏதாவது வியாதி இருந்ததா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். "அப்புறம் எதுக்கு மருந்து போட்டே?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. முகம் சரியாக நான்கு மாதம் ஆனது.

பிறகு அவர் விளக்கினார். நம் தோலில் நிறம் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை கருப்பானவருக்கும் சிவப்பானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் தயாரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்த மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற குடை. நான் 120 ரூபாய் கொடுத்து என் குடையை நானே கிழித்திருக்கிறேன்! தோலில் பூசும் 14 வகை ஸ்டீராய்டு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018லேயே விதி போட்டிருக்கிறது. சில டப்பாக்களில் ஸ்டீராய்டுக்குப் பதில் பாதரசம் இருக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் 2023இல் அப்படிப்பட்ட வெளுப்பு க்ரீம்களைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. பூசியது முகத்தில், அடிபட்டது சிறுநீரகத்தில். யோசித்துப் பாருங்கள்.

டெய்லர் மகனும் ரெடிமேட் சட்டையும்

இது முடிந்து சில மாதத்தில் கேம்பஸ் இன்டர்வியூ வந்தது. ஃபார்மல் டிரஸ் கட்டாயம். எங்க அப்பா டெய்லர். ஊரில் சின்னக் கடை, ஒரு மெஷின், பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் முக்கால்வாசி வேலை. அப்படியிருந்தும் நான் அவரிடம் போகவில்லை. "டெய்லர் தைச்ச சட்டைன்னு பார்த்தாலே தெரியும்" என்று எனக்கு ஒரு எண்ணம். பணத்தைச் சேர்த்துக்கொண்டு டவுனுக்கு ரெடிமேட் கடைக்குப் போனேன்.

நான் ஒல்லி, எடை 48 கிலோ. ஆனால் கை நீளம். 36 சைஸ் போட்டால் உடம்பு பரவாயில்லை, கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்று விடுகிறது. 40 போட்டால் கை சரி, உடம்புக்குள் இன்னொரு ஆள் புகுந்துகொள்ளலாம். டிரையல் ரூமுக்கும் ரேக்குக்கும் நாலு தடவை நடந்தேன். கடைப் பையன் சலித்துப்போய், "உங்க உடம்புக்கு எதுவும் செட் ஆகாது பிரதர், நல்லா சாப்பிட்டு உடம்பு ஏத்திட்டு வாங்க" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார். நீளம், தோள், கை, கழுத்து, உடம்பு என்று அளந்து அளவு நோட்டில் எழுதினார். அப்புறம்தான் கேட்டார்: "உடம்பு பொறந்தது முன்னாடி. சட்டை வந்தது பின்னாடி. எதுடா எதுக்கு ஒத்துப் போகணும்?"

அவர் படித்தது அஞ்சாவது.

அன்றைக்குத்தான் அந்த நோட்டை முதல் தடவையாக ஒழுங்காகப் புரட்டினேன். ஊரில் பாதிப் பேர் உடம்பு அதில் இருக்கிறது. லோடு மேன் மாமா ஒருவருக்கு, மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் அரை இஞ்ச் இறக்கம். அதற்குத் தகுந்தாற்போல அப்பா வெட்டித் தைப்பார். அந்த மாமா சட்டை போட்டு நடந்தால் இறக்கமே தெரியாது. இது அவருக்கே தெரியாது. அப்பா சொன்னதும் இல்லை. இத்தனை வருஷ நோட்டில் ஒரு பக்கத்திலும் 'நல்ல உடம்பு', 'மோசமான உடம்பு' என்று எழுதவில்லை. எல்லாம் வெறும் எண்கள்.

ரெடிமேட் தைப்பவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு சைஸுக்குப் பேட்டர்ன் வரைவார்கள். அதிலிருந்து மற்ற சைஸ்களுக்கு இத்தனை அங்குலம் கூட்டு, இத்தனை அங்குலம் குறை என்று கணக்காக ஏற்றி இறக்குவார்கள். மார்பு பெரிதானால் கையும் அதே கணக்கில் நீளும் என்று வைத்துக்கொண்டுதான் லட்சக்கணக்கில் தைக்க முடியும். விலையும் அதனால்தான் நமக்குக் கட்டுபடியாகிறது. ஆனால் அந்தக் கணக்கு என் கைக்குப் பொருந்தாவிட்டால், அது கணக்கின் குறை. என் கையின் குறை என்று நான் ஏன் எடுத்துக்கொண்டேன்?

நார்மா என்றொரு சிலை

இதற்குப் பதில் நம்ம மெட்ராலஜி லேபில் கிடைத்தது. கோ, நோ-கோ கேஜ் எல்லோருக்கும் தெரியும். கோ முனை உள்ளே போக வேண்டும், நோ-கோ முனை போகக் கூடாது. தப்பினால் ஜாப் ரிஜெக்ட். ஒரு நாள் எங்கள் பேட்சில் செய்த ஜாப் அத்தனையும் வரிசையாக ரிஜெக்ட் ஆனது. நாங்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தோம். லேப் சார் வந்து, "ஒண்ணு ரெண்டு ரிஜெக்ட் ஆனா ஜாபைப் பாரு. அத்தனையும் ரிஜெக்ட் ஆனா கேஜைப் பாரு" என்றார். பார்த்தால் கேஜ் தேய்ந்து போயிருந்தது!

அழகு விஷயத்தில் இதே சோதனையை அமெரிக்காவில் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். டிக்கின்சன் என்ற மருத்துவரும் பெல்ஸ்கி என்ற சிற்பியும் சேர்ந்து, சுமார் 15,000 இளம் பெண்களின் அளவுகளைச் சராசரி எடுத்து ஒரு சிலை செய்தார்கள். பெயர் 'நார்மா'. இதுதான் சரியான பெண் உடம்பு என்றார்கள். 1945இல் கிளீவ்லாந்து நகரத்துப் பத்திரிகை ஒன்று, நார்மாவைப் போலவே இருக்கும் பெண்ணுக்குப் பரிசு என்று போட்டி வைத்தது. 3,864 பெண்கள் தங்கள் அளவுகளை அனுப்பினார்கள். மொத்தம் ஒன்பது அளவுகள். ஒன்பதும் பொருந்திய பெண் எத்தனை பேர்? ஒருவர் கூட இல்லை! ஐந்து அளவு பொருந்தியவர்களே 40 பேருக்கும் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், அப்போதும் அவர்கள் கேஜைச் சந்தேகப்படவில்லை. பெண்கள்தான் உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று பலர் எழுதினார்கள்.

அதே நாட்டு விமானப் படையில் கதை வேறு மாதிரி முடிந்தது. விமானிகளின் இருக்கையை 'சராசரி' உடம்புக்குச் செய்திருந்தார்கள். விபத்துகள் நிறைய நடந்தன. 1950இல் ஆயிரக்கணக்கான விமானிகளை அளந்தார்கள். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 4,063 பேரின் பத்து முக்கிய அளவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். பத்திலும் சராசரியாக இருந்த விமானி பூஜ்யம். 'உடம்பு ஏத்திட்டு வாங்க' என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. இருக்கையை முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்தும்படி செய்தார்கள். இன்று நாம் பஸ்ஸில் டிரைவர் சீட்டைத் தள்ளிப் போட்டு உட்காருவதைப் பார்க்கிறோமே, அதே புத்திதான்.

அப்பா சொன்னதும் இதுதானே நண்பர்களே! உடம்புக்குத்தான் சட்டை.

நம் நாட்டிலும் ரெடிமேட் அளவுகள் பெரும்பாலும் வெளிநாட்டு அட்டவணைகளை வைத்தே வந்தவை. இந்தியர்களுக்கென்று அட்டவணை வேண்டும் என்று நிஃப்ட் நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தை எடுத்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங் என்று 6 நகரங்களில், 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை ஸ்கேனரில் அளப்பது என்பது திட்டம். நல்ல காரியம். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் திருப்பூர் இருக்கிற நம் மாநிலத்து ஊர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

கேஜை விற்பவர்கள்

சிலை ஒன்றுதான். விளம்பரமோ தினமும் ஆயிரம் சிலை காட்டுகிறது. ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் இந்தியச் சந்தைக்கு வந்தது 1975இல். கருப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, சிவப்பானால் கிடைக்கும் என்று சொல்லும் விளம்பரங்களை நம் அம்மாக்கள் காலத்திலிருந்து பார்த்து வருகிறோம். சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று பிரச்சாரம் தொடங்கியது. 2014இல் இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், தோல் கருப்பானவர்களைச் சோகமாகவும் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று விதி வகுத்தது. 2020 ஜூலையில் அந்த க்ரீமின் பெயரே 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாறியது. பெயரில் இருந்த சொல் போய்விட்டது. நம் வீட்டுப் பெண் பார்க்கும் படலத்தில் 'பொண்ணு கலர் கொஞ்சம் கம்மி' என்ற சொல் போய்விட்டதா?

வெளிநாட்டில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். விளம்பரப் படத்தில் மாடலின் உடம்பைக் கம்ப்யூட்டரில் ஒல்லியாக்கினாலோ பெருக்கினாலோ, 'திருத்திய படம்' என்று அதிலேயே அச்சிட வேண்டும் என்று பிரான்ஸ் நாட்டில் 2017 அக்டோபர் முதல் சட்டம். நார்வேயில் 2022 ஜூலை முதல் தோலைத் திருத்தினால்கூடச் சொல்லியாக வேண்டும். பால் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று எழுதுகிறோம். முகத்தில் என்ன செய்திருக்கிறோம் என்று எழுதினால் என்ன? எழுதாவிட்டால், இல்லாத ஒரு முகத்தைப் பார்த்து இருக்கிற முகத்தை நாம் வெறுக்கத் தொடங்குவோம். நான் தொடங்கினேனே!

அப்போ டிரஸ்ஸே முக்கியமில்லையா?

'ஆள் பாதி ஆடை பாதி' என்று பெரியவர்கள் சொன்னது பொய்யா என்று சிலர் கேட்பீர்கள். பொய்யில்லை. இன்டர்வியூவுக்கு அழுக்குச் சட்டையோடு போகச் சொல்லவில்லை. லேத் முன்னால் தொளதொள என்று கை தொங்கும் சட்டையோடு நின்றால் சக் இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே ஃபேஷன் பேச முடியாது. அழகாக உடுத்த ஆசைப்படுவதும் தப்பில்லை. எனக்கு இன்றைக்கும் ஆசை உண்டு.

ஆனால் அந்தப் பழமொழியில் முதலில் வருவது ஆள்! ஆளை மறைக்கிற ஆடை, ஆளை வெறுக்க வைக்கிற ஆடை, பாதிக்கணக்கில் வராது. அப்பா தைத்த வெளிர்நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இன்டர்வியூவுக்குப் போனேன். கை சரியாக மணிக்கட்டில் நின்றது. வேலை கிடைத்ததா? இல்லை, இரண்டாவது ரவுண்டில் வெளியே வந்துவிட்டேன். டிராயிங்கில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரமும் ஒரு தடவைகூடக் கையை இழுத்து விடவில்லை, கண்ணாடியைத் தேடவில்லை. தெரியாதது டிராயிங்தான் என்று தெளிவாகத் தெரிந்தது. படித்தால் அது சரியாகிவிடும்.

ஸ்டைல் என்பதற்கு நான் வைத்திருக்கும் அர்த்தம் இவ்வளவுதான்: போட்ட பிறகு மறந்துவிட்டு வேலையைப் பார்க்க விட வேண்டும்.

ஒரு மன்னிப்பு, மூன்று வேண்டுகோள்

அடிபட்டவன் மாதிரி இவ்வளவு நேரம் பேசினேன். அடித்தவனும் நான்தான். முதல் வருஷத்தில் வகுப்பில் பருமனாக இருந்த ஒரு நண்பனுக்கு 'டிரம்' என்று பெயர் வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். கடையில் நான் சிரித்தேனே, அதே சிரிப்பு என்று இப்போதுதான் புரிகிறது. கொஞ்ச நாளில் அவன் எங்களோடு கேன்டீனில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. நண்பா, உன் பெயரை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும். மன்னித்துவிடு. மத்தியானம் கேன்டீனுக்கு வா.

மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: பிரிவு உபசார விழாவில் சீனியர்களுக்குப் பட்டம் கொடுக்கும்போது உடம்பையும் நிறத்தையும் வைத்துக் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்த காரியத்தை வைத்துக் கொடுங்கள்.

இரண்டு: ஒர்க்‌ஷாப் காக்கி உடுப்பு மூன்றே சைஸில் மொத்தமாக வருகிறது. எங்கள் வகுப்பில் நான்கு மாணவிகள். கையை மூன்று மடிப்பு மடித்துக்கொண்டு மெஷின் முன்னால் நிற்கிறார்கள். இது அழகுப் பிரச்சினை கூட இல்லை, விரல் பிரச்சினை. துணியாகக் கொடுத்துவிட்டு அவரவர் தைத்துக்கொள்ள அனுமதி வாங்கித் தாருங்கள். (எங்க அப்பாவுக்கு ஆர்டர் பிடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள்!)

மூன்று: மலரில் வரும் படங்களில் யார் முகத்தையும் வெளுக்க வைக்காதீர்கள். நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிறோம். இந்தப் படங்கள் கத்தரிக்கப்பட்டு, கண்ணாடி போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்படும். அங்கே தொங்குவது நாமாக இருக்க வேண்டாமா?

இந்த வருஷ குரூப் போட்டோ எடுத்து முடிந்ததும் அந்த அண்ணனிடம் தனியாகப் போய், "அண்ணே, மூணாவது வரிசைல கடைசி ஆளு நான். என் மூஞ்சியை மட்டும் எதுவும் பண்ணாம விட்டுடுங்க" என்றேன். "கருப்பா வரும் தம்பி, பரவாயில்லையா?" என்று கேட்டார். "நான் கருப்புதாண்ணே" என்றேன்.

ஆகவே நண்பர்களே, பக்கத்தைத் திருப்பும்போது மூன்றாவது வரிசையின் கடைசியில் பாருங்கள். அப்பா இந்தத் தடவை தேட மாட்டார்.